பொறுத்திருந்தால் மலிவாகுமா?

கொஞ்சம் நீளமான பதிவு. ஒரு பிளேன்டீயை ஊற்றிக்கொண்டு ஆறுதலாக வாசியுங்கள்.

பதினோராம் ஆண்டுப் பிள்ளைகளுக்குப் பெருக்கல் விருத்தி படிப்பித்துக்கொண்டிருந்தோம். புத்தகத்தில் உள்ள உதாரணம் பிள்ளைகளுக்குச் சலித்துப்போயிருக்கும் என்று, சோலார் தகட்டின் விலையை எடுத்துப் பலகையில் எழுதினோம். பின்வாங்கில் இருந்து ஒரு பொடியன் எழும்பினான்.

"சேர், விலை இப்படிக் குறைஞ்சிட்டே போகுமென்டா எங்கட வாப்பா சொல்றது சரிதானே? இன்னும் ரெண்டு வருஷம் பொறுத்துப் போடுவோம், மலிவாகும் என்டு சொல்றாரு."

வகுப்பு சிரித்தது. எங்களுக்குச் சிரிப்பு வரவில்லை. கணிதம் படிப்பிக்கிறவர்களும் விஞ்ஞானம் படிப்பிக்கிறவர்களும் ஆசிரியர் அறையில் ஒரு வாரமாக இதையே பேசினோம். ஏனென்றால் அந்தப் பிள்ளை கேட்ட கேள்வியைத்தான் உலகத்தின் பெரிய பொருளியலாளர்களும் முப்பது வருடத்துக்கு மேலாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். அதற்கு அவர்கள் எழுதிய விடை எங்கள் வீட்டுக் கரண்ட் பில் வரைக்கும் வந்து நிற்கிறது.

காலநிலை மாற்றத்துக்கு என்ன செய்வது என்று அரசாங்கங்கள் முடிவெடுக்கும்போது பின்னால் ஒரு பெரிய கணினிக் கணக்கு இருக்கும். அதை மொடல் என்பார்கள். வரும் 20 வருடத்துக்கோ 80 வருடத்துக்கோ எவ்வளவு சக்தி தேவை, நிலக்கரியில் எடுப்பதா, காற்றில் எடுப்பதா, வெயிலில் எடுப்பதா, ஒவ்வொன்றுக்கும் என்ன செலவு, எவ்வளவு புகை என்று எல்லாவற்றையும் உள்ளே போடுவார்கள். ஆகக் குறைந்த செலவில் போகக்கூடிய பாதை எது என்று அது சொல்லும்.

அந்தக் கணக்கில் ஒரு வரியை மட்டும் பாருங்கள். இன்று இந்த விலைக்கு விற்கும் தொழில்நுட்பம் 2040இல் என்ன விலைக்கு விற்கும்? யாரும் 2040க்குப் போய்ப் பார்த்துவிட்டு வர முடியாது. ஆனால் ஏதோ ஓர் எண்ணை எழுதித்தான் ஆக வேண்டும். எழுதுவதற்கு இரண்டு வழி இருக்கிறது.

முதலாவது, கலண்டர் வழி. வருடம் போகப் போக விலை தானாக இறங்கும் என்று எழுதிவிடுவது. யேல் பல்கலைக்கழகத்தின் வில்லியம் நோர்ட்ஹவுஸ் உருவாக்கிய 'டைஸ்' என்ற மொடல் இந்தத் துறையில் மிகப் பிரபலமானது. எரிபொருள் எல்லாவற்றுக்கும் பதிலாக நிற்கக்கூடிய ஒரு சுத்தமான தொழில்நுட்பம் இருக்கிறது என்று அதில் வைத்துக்கொள்கிறார்கள். 2013, 2016 பதிப்புகளில் அதன் விலை ஐந்து வருடத்துக்கு 2.5 வீதம் குறைகிறது. அதாவது வருடத்துக்கு ஏறக்குறைய அரை வீதம். யாரும் அதைப் பயன்படுத்தினாலும் குறையும், பயன்படுத்தாவிட்டாலும் அதே அளவுதான் குறையும்.

இரண்டாவது, கைப்பழக்க வழி. செய்யச் செய்யத்தான் விலை இறங்கும் என்பது. 1936இல் தியோடோர் ரைட் என்ற அமெரிக்கப் பொறியியலாளர் விமானத் தொழிற்சாலைக் கணக்குகளைப் பார்த்து ஒரு விஷயத்தை எழுதினார். இதுவரை செய்த விமானங்களின் மொத்த எண்ணிக்கை இரண்டு மடங்காகும் ஒவ்வொரு தடவையும், ஒரு விமானத்துக்குப் பிடிக்கும் கூலிச் செலவு ஏறக்குறைய 20 வீதம் குறைகிறது என்றார். எங்கள் உம்மாமாருக்கு இது புதிதில்லை. முதல் தடவை வட்டிலப்பம் அவித்த மருமகளும் நூறாவது தடவை அவித்த மாமியும் ஒரே நேரத்திலா முடிப்பார்கள்?

சோலார் தகட்டுக்கும் பல பத்து வருடங்களாக அதே 20 வீதம்தான் ஏறத்தாழப் பொருந்தி வந்திருக்கிறது. பலகையில் நாங்கள் எழுதியது இதுதான்: 100, 80, 64, 51, 41, 33, 26, 21, 17, 13, 11. பத்துத் தடவை இரட்டிப்பானால் 100 ரூபாய் 11 ரூபாய்க்கு வந்து நிற்கும். ஆனால் பத்துத் தடவை இரட்டிப்பாவது என்றால் ஆயிரம் மடங்குக்கு மேல் செய்திருக்க வேண்டும். யாரோ ஒருவர் முதலில் 100 ரூபாய் கொடுத்து வாங்கியிருக்க வேண்டும்.

அப்படி வாங்கியவர்கள் யார்? 1958இல் வான்கார்ட் செய்மதியில் சோலார் வைத்து அனுப்பியபோது காசைப் பற்றி யாரும் யோசிக்கவில்லை. எழுபதுகளின் நடுவில் இன்றைய பண மதிப்பில் ஒரு வாட்டுக்கு நூறு டொலருக்கு மேல். 2000இல் ஜேர்மனி ஒரு சட்டம் கொண்டுவந்து, கூரையில் சோலார் போட்டவர்களுக்கு இருபது வருடம் கூடின விலை கொடுத்தது. அந்தச் செலவை அந்த நாட்டு மக்கள் தங்கள் கரண்ட் பில்லில் கட்டினார்கள். பிறகு சீனா தொழிற்சாலைகளைப் பெருப்பித்தது. 2019 ஆகும்போது ஒரு வாட் 40 சதத்துக்கும் கீழே, அமெரிக்கச் சதம்தான், வந்துவிட்டது.

இந்த இரண்டு வழிக்கும் உள்ள வித்தியாசம் ஏதோ புத்தகத்துக்குள் இருக்கும் சண்டை என்று நினைக்க வேண்டாம். கலண்டர் வழியில் எழுதினால் மொடல் இயல்பாகவே சொல்லும்: "இப்போது விலை கூட. கொஞ்சமாகத் தொடங்கு, மலிவான பிறகு வேகமாகப் போ." பொடியனின் வாப்பா சொன்னதும் அதேதான். கைப்பழக்க வழியில் எழுதினால் அதே மொடல் தலைகீழாகச் சொல்லும்: "இப்போது செலவழி, அப்போதுதான் பிறகு மலிவாகும். எல்லோரும் பொறுத்திருந்தால் விலை இருந்த இடத்திலேயே இருக்கும்." எதிர்காலத்துக்கு எவ்வளவு மதிப்புக் கொடுப்பது என்பது போன்ற வேறு காரணங்களும் உண்டு. என்றாலும் இந்த ஒரு வரி மாறினால் அறிவுரை மாறிவிடுகிறது.

2018இல் பொருளியலுக்கான நோபல் பரிசை இரண்டு பேருக்குப் பகிர்ந்து கொடுத்தார்கள். ஒருவர் இதே நோர்ட்ஹவுஸ். மற்றவர் போல் ரோமர். புதிய தொழில்நுட்பம் வானத்தில் இருந்து விழுவதில்லை, மனிதர்களின் முயற்சியிலும் முதலீட்டிலும் இருந்து பொருளாதாரத்துக்கு உள்ளேயே பிறக்கிறது என்று காட்டியதற்காகத்தான் ரோமருக்குக் கிடைத்தது. ஒரே மேடையில் பரிசு வாங்கிய அந்த இரண்டு கருத்தும், கொள்கை வகுக்கும் கணக்குகளுக்குள் ஒன்றாகச் சேர்வதற்கு நெடுங்காலம் எடுத்தது.

சரி, இவர்கள் போட்ட எண்கள் எவ்வளவு தூரம் பலித்தன?

2022இல் ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஒரு வேலை செய்தார்கள். 2010க்கும் 2020க்கும் இடையில் சோலார் அமைக்கும் செலவு வருடத்துக்கு எத்தனை வீதம் குறையும் என்று இந்தப் பெரிய மொடல்கள் சொல்லியிருந்த 2,905 எதிர்வுகூறல்களைத் திரட்டிப் பார்த்தார்கள். சராசரி 2.6 வீதம். ஒன்றுகூட 6 வீதத்தைத் தொடவில்லை. நடந்தது வருடத்துக்கு 15 வீதம்.

பிள்ளைகளிடம் இதைக் கணக்காகக் கொடுத்தோம். 2010இல் 100 ரூபாய் என்றால், மொடல்களின் சராசரிப்படி 2020இல் 77 ரூபாய். ஆகத் துணிச்சலான மொடலுக்கும் 54 ரூபாய்க்குக் கீழே போகவில்லை. உண்மையில் வந்தது 20 ரூபாய். ஒரு பிள்ளை கேட்டது: "சேர், 2,905 பேர் சோதனை எழுதி ஒராளும் பாஸாகல்லையா?"

சர்வதேச சக்தி முகவரகத்தின் கதையும் இப்படித்தான். அவர்கள் வருடா வருடம் வெளியிடும் அறிக்கையில், இனி வருடத்துக்கு ஏறக்குறைய இதே அளவு சோலார்தான் கூடும் என்று கோட்டைக் கிடையாக இழுத்தார்கள். அடுத்த வருடம் உண்மையான கோடு மேலே போயிருக்கும். அந்த இடத்தில் இருந்து மறுபடியும் கிடையாக இழுப்பார்கள். பத்துப் பதினைந்து வருடமாக இது நடந்தது. நாங்கள் படிப்பிக்கும் பாஷையில் சொன்னால், அவர்கள் கூட்டல் விருத்தியை எழுதினார்கள், உலகம் பெருக்கல் விருத்தியில் போனது. 2010 முடிவில் உலகம் முழுவதும் சுமார் 40 கிகாவோட் சோலார் இருந்தது. 2020 முடிவில் 700ஐத் தாண்டியது. 2022இல் ஆயிரம்.

அவர்களுக்கும் ஒரு நியாயம் இருக்கிறது, அதையும் சொல்ல வேண்டும். "நாங்கள் எதிர்காலம் சொல்லவில்லை, அரசாங்கங்கள் இதுவரை அறிவித்த கொள்கைகள் மட்டும் நடைமுறையில் இருந்தால் என்னாகும் என்றுதான் காட்டுகிறோம்" என்பது அவர்களுடைய பதில். சரி. ஆனால் அமைச்சில் உட்கார்ந்து வாசிக்கிறவர் அந்த அடிக்குறிப்பை வாசிப்பதில்லை. கோட்டைத்தான் பார்க்கிறார். "சோலார் இவ்வளவுதான் வரும் போல" என்று நினைத்து நிலக்கரிக்குக் கையெழுத்து வைக்கிறார்.

மொடல் எழுதுகிறவர்கள் முட்டாள்கள் என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. செய்யச் செய்ய மலிவாகும் என்று கணக்குக்குள் எழுதினால் கணக்கே சிக்கலாகிவிடும். முதலில் சோலாரில் கொட்டினாலும் ஒரு மலிவான பாதை வரும், அணுசக்தியில் கொட்டினாலும் ஒரு மலிவான பாதை வரும். ஒரு விடைக்குப் பதிலாகப் பல விடைகள் வந்து நிற்கும், கணினிக்குக் கண்டுபிடிப்பதும் கஷ்டம். அதனால் வசதிக்காக விலையை வெளியில் இருந்து கொண்டுவந்து ஒட்டினார்கள். "இதற்குக் கீழே விலை போகாது" என்று தரை போட்டார்கள். "வருடத்துக்கு இவ்வளவுக்கு மேல் வளராது" என்று கூரையும் போட்டார்கள். சில மொடல்களில் உண்மையான விலை அந்தத் தரையையே உடைத்துக்கொண்டு கீழே போய்விட்டது.

இன்னொரு நியாயமும் உண்டு. எல்லாமே செய்யச் செய்ய மலிவாகாது. பிரான்ஸ் எழுபது, எண்பதுகளில் வரிசையாக அணு உலைகள் கட்டியது. ஒரே நிறுவனம், ஏறக்குறைய ஒரே வடிவம். ஆனாலும் பிந்திய உலைகளுக்கு முந்தியவற்றை விடக் கூடின செலவு. அமெரிக்காவில் இன்னும் மோசம். தகடு போல இலட்சக் கணக்கில் தொழிற்சாலையில் அடித்து எடுக்கும் சாமானுக்கும், ஒவ்வொன்றாக நிலத்தில் கட்டி எழுப்பும் பெரும் வேலைக்கும் ஒரே வாய்ப்பாடு பொருந்தாது. ஆகவே "தொழில்நுட்பம் எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும்" என்று கண்ணை மூடுவதும் அதே பிழையின் மறுபக்கம்தான்.

இப்போது எங்கள் ஊர்ப் பக்கம் வருவோம்.

மூதூரில் இருக்கிற எங்களுக்குச் சம்பூர் தூரமில்லை. 2006இல் அந்தச் சனம் இடம்பெயர்ந்து போனது. காணி அனல் மின் நிலையத்துக்கு என்று ஒதுக்கப்பட்டது. இந்தியாவோடு சேர்ந்து 500 மெகாவோட் நிலக்கரி நிலையம் கட்டுவது திட்டம். ஊருக்குத் திரும்பி வந்த சனம் போராடியது. புகையையும் சாம்பலையும் பற்றியும், கொட்டியாரக் குடாவில் கலக்கும் சுடுதண்ணீரைப் பற்றியும் மூதூர் மீனவர்களும் சம்பூர் மீனவர்களும் ஒன்றாகவே பயந்தோம். 2016 செப்டம்பரில், நிலக்கரி நிலையம் கட்டப்படாது என்று அரசாங்கம் உயர் நீதிமன்றத்தில் சொன்னது.

அன்றைக்குப் படித்தவர்கள் பலர் தலையில் அடித்துக்கொண்டார்கள். "ஆக மலிவான வழியை விட்டுவிட்டார்கள், நாடு இருளப் போகிறது" என்றார்கள். 2022இல் 13 மணித்தியாலம் கரண்ட் இல்லாமல், மெழுகுதிரியில் பிள்ளைகள் படித்தபோது "சம்பூரைக் கட்டியிருந்தால்" என்று மறுபடியும் கேட்டது. ஆனால் அந்த வருடம் எங்களிடம் இல்லாமல் போனது டொலர். நிலக்கரியும் டொலருக்குத்தான் வரும், அதே 2022இல் உலகச் சந்தையில் அதன் விலை டன்னுக்கு 400 டொலரைத் தாண்டியது. இன்று சம்பூரில் அதே திட்டத்தின் இடத்துக்கு 120 மெகாவோட் சோலார் திட்டம் வந்திருக்கிறது. 2025 ஏப்ரலில் அடிக்கல் வைத்தார்கள்.

மின்சார சபை 20 வருடத்துக்கான மின் உற்பத்தித் திட்டத்தைத் தயாரித்து வந்திருக்கிறது. அதற்கு அடித்தளம் மொடல்தான். சர்வதேச அணுசக்தி முகவரகம் உருவாக்கிய 'வாஸ்ப்' என்ற மென்பொருளை நெடுங்காலம் பயன்படுத்தினார்கள். 2017இல் அந்தத் திட்டத்தில் நிலக்கரி இருக்க வேண்டுமா இல்லையா என்று மின்சார சபைக்கும் பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழுவுக்கும் இடையில் நடந்த இழுபறி பலருக்கு ஞாபகம் இருக்கும். அரசியல் சண்டையாக அதைப் பார்த்தோம். ஆனால் அதற்கு அடியில் கிடந்தது இதே கேள்விதான்: நாளைய விலையாக எந்த எண்ணை எழுதுவது?

நிலக்கரி நிலையம் என்பது கட்டினால் முப்பது வருடத்துக்குக் கழற்ற முடியாத சட்டை. நுரைச்சோலையைப் பாருங்கள், 900 மெகாவோட்டும் 2014இல் முழுமையாகியது, நாற்பதுகளிலும் அது நிற்கும். இன்றைய விலையை வைத்து முப்பது வருட முடிவு எடுப்பது, முதலாம் தவணைப் புள்ளியை வைத்துப் பிள்ளை உயர்தரத்தில் என்ன எடுக்கும் என்று முடிவு கட்டுவது போன்றது. வாத்தியார்மாராகிய நாங்களும் அந்தத் தவறைச் செய்திருக்கிறோம். பின்வாங்குக்கு அனுப்பிய பிள்ளை பின்வாங்குப் பிள்ளையாகவே ஆகிவிடும், நாங்களும் "அன்றைக்கே சொன்னோமே" என்போம். மொடல் விஷயத்திலும் இது நடக்கும். சோலார் வராது என்று எழுதினால் கம்பி இழுக்க மாட்டார்கள், கம்பி இல்லாததால் சோலார் வராது.

இங்கேதான் எங்கள் ஆசிரியர் அறையில் பெரிய விவாதம் நடந்தது. ஒரு நண்பர் சரியான ஒரு விஷயத்தைச் சொன்னார். "இலங்கை எவ்வளவு சோலார் வாங்கினாலும் உலக விலை அசையாது. எங்களுக்கு விலை வெளியில் இருந்துதான் வருகிறது. ஆகவே எங்களுக்குக் கலண்டர் வழிதானே சரி? மற்றவன் செலவழிக்கட்டும், மலிவானதும் வாங்குவோம்."

தகட்டைப் பொறுத்தவரை அவர் சொன்னது உண்மை. சின்ன நாடு விலையைத் தீர்மானிப்பதில்லை. பெட்டரிக்கும் அப்படித்தான்: உலக அளவில் 2010இல் கிலோவோட் மணித்தியாலத்துக்கு ஆயிரம் டொலருக்கு மேல் இருந்த லிதியம் பெட்டரி 2020இல் 140 டொலருக்கும் கீழே வந்தது. அதில் எங்கள் பங்கு எதுவுமில்லை.

ஆனால் தகடு மட்டும் மின்சாரம் ஆகாது. 2025 ஏப்ரலில் நடந்ததை யோசித்துப் பாருங்கள். புத்தாண்டு விடுமுறையில் பாவனை குறைந்தபோது, 13ஆம் திகதி முதல் 21ஆம் திகதி வரை பின்னேரம் மூன்று மணி மட்டும் கூரை சோலாரை நிறுத்தி வைக்கும்படி மின்சார சபை மக்களைக் கேட்டது. அதற்கு இரண்டு மாதம் முந்தி, பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறையில் ஒரு குரங்கால் நாடே இருண்டது. அந்த நேரம் சோலாரின் பங்கு கூடி, கட்டமைப்பின் தாங்கும் சக்தி குறைந்திருந்தது என்று விளக்கம் சொன்னார்கள். கூரைகளில் ஆயிரம் மெகாவோட்டுக்கு மேல் ஏறிவிட்டது. அதைத் தாங்குவதற்கான பெட்டரியும் கம்பியும் கட்டுப்பாட்டு முறையும் பின்னால் நின்றன.

மலிவான தகட்டைக் கப்பலில் இறக்கலாம். ஆனால் மத்தியானம் பொங்கி வரும் கரண்டை இரவு ஏழு மணிக்கு எடுத்து வைக்கும் பழக்கத்தை இறக்குமதி செய்ய முடியாது. கட்டுப்பாட்டு அறையில் இருப்பவர், கூரையில் ஏறும் தொழிலாளி, விண்ணப்பத்துக்கு அனுமதி கொடுக்கும் அலுவலர், தொழில்நுட்பக் கல்லூரி மாணவன் என்று எல்லோரும் செய்து செய்துதான் பழக வேண்டும். ரைட் சொன்ன கைப்பழக்கம் எங்கள் நாட்டுக்குப் பொருந்துவது இந்த இடத்தில். 2030இல் 70 வீதம் மீள்சக்தி என்று அரசாங்கங்கள் இலக்குச் சொன்னன. இந்தப் பழக்கத்துக்குக் காலமும் காசும் ஒதுக்காமல் அந்த 70 எங்கிருந்து வரும்?

ஆகவே எங்கள் கருத்து இதுதான். அடுத்த மின் உற்பத்தித் திட்டம் வெளிவரும்போது, எந்த நிலையம் எந்த ஊரில் என்று மட்டும் பார்க்காமல் மூன்று கேள்விகளைக் கேட்போம். சோலார், காற்று, பெட்டரி விலைகள் எதிர்காலத்தில் எப்படி மாறும் என்று எழுதியிருக்கிறார்கள்? முந்தைய திட்டத்தில் எழுதிய விலைக்கும் இன்று நடந்த விலைக்கும் எவ்வளவு இடைவெளி? உள்ளூரில் பழகுவதற்கும் கட்டமைப்பைப் பலப்படுத்துவதற்கும் கணக்கில் ஏதாவது வரி இருக்கிறதா? இந்தத் திட்டங்களுக்குப் பொதுமக்களின் கருத்துக் கேட்கப்பட்டிருக்கிறது. கேட்கும்போது நாங்கள் எழுதுவதில்லை, பில் வந்த பிறகுதான் முகநூலில் எழுதுகிறோம். பிள்ளையின் விடைத்தாளைத் திருத்தும் நாங்கள், பழைய எதிர்வுகூறலையும் ஒரு தடவை திருத்திப் பார்க்கக் கேட்பது பெரிய குற்றமில்லை.

யூசுப் நபியின் வரலாற்றை எங்கள் பிள்ளைகள் சின்ன வயதிலேயே ஓதிக் கேட்டவர்கள். ஏழு வருடச் செழிப்பு, பிறகு ஏழு வருடப் பஞ்சம் என்று அவருக்குத் தெரிந்தது. தெரிந்ததோடு அவர் உட்காரவில்லை. கதிரோடு எடுத்து வைக்கும் முறையைச் சொன்னார், களஞ்சியத்தின் பொறுப்பைத் தானே கேட்டு வாங்கினார். செழிப்பான ஏழு வருடத்தில் நடந்த வேலைதான் பஞ்சத்தில் சோறு போட்டது.

அந்தப் பொடியனுக்கு அடுத்த நாள் பதில் சொன்னோம். "மகன், வாப்பா சொல்றதுல பாதி சரி. தகடு இன்னும் மலிவாகலாம். ஆனா அது மலிவானது பொறுத்திருந்தவங்களால இல்ல. பொறுக்காமப் போட்டவங்களால. வாப்பா ரெண்டு வருஷம் பொறுக்கட்டும், அது அவர்ட காசு. நாடு பொறுக்கக் கூடாது."

கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு அவன் கேட்டான்: "அப்ப சேர், நான் ஓ.எல். முடிச்சிட்டு இந்த வேலையப் படிக்கலாமா?"

படிக்கச் சொன்னோம். படித்துவிட்டு வருகிற நேரம் அவனுக்கு இந்த நாட்டில் அந்த வேலை இருக்க வேண்டும். துஆச் செய்யுங்கள். மாற்றுக் கருத்து உள்ளவர்கள் கீழே எழுதுங்கள், நாங்களும் படிக்கிறோம்.